ஆணியில் படியும் செம்பு: பாடசாலை ஆய்வுகூடத்தில் உலோக இடப்பெயர்ச்சித் தாக்கம்

செப்பு சல்பேற்றின் நீலக் கரைசலுக்குள் ஓர் இரும்பு ஆணியை இட்டால், ஆணியின் மேல் செம்பு படியும். க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் ஒற்றை இடப்பெயர்ச்சித் தாக்கத்துக்கு வழமையாகச் சொல்லப்படும் உதாரணம் இதுதான். வடக்கு, கிழக்கில் போர்க்காலத்தில் படித்த பலருக்கு இது கரும்பலகையில் எழுதப்பட்ட ஒரு சமன்பாடாக மட்டுமே தெரியும். ஆய்வுகூடம் செல்வீச்சில் போயிருக்கும், அல்லது பாடசாலையே வேறோர் ஊரின் மரநிழலில் நடந்திருக்கும். 1990களில் வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் மின்கலமும் உரமும்கூட இருந்தன; அந்த நிலையில் பாடசாலைக்கு இரசாயனப் பொருட்கள் வருமென்று எவரும் காத்திருக்கவில்லை. அன்று அப்படிப் படித்தவர்களில் சிலர் இன்று அதே பாடத்தைக் கற்பிக்கிறார்கள். பரிசோதனையைத் தாங்களே ஒருமுறையும் கண்ணால் காணாமல் அதன் அவதானங்களை மாணவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நிலை அவர்களுடையது.

இந்தப் பரிசோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஐந்து கிராம் செப்பு சல்பேற்று போதும். ஆனால் செய்யத் தொடங்கியதும், குறிப்புக் கொப்பியில் எழுதியிருப்பதற்கும் குழாய்க்குள் தெரிவதற்கும் இடையில் பல வித்தியாசங்கள் வெளிப்படும். அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

தாக்கத்தில் நடப்பது என்ன?

சொற்சமன்பாடு எளிது: இரும்பு + செப்பு சல்பேற்று → இரும்புச் சல்பேற்று + செம்பு. நீலக் கரைசலில் செம்பு, உலோகமாக இல்லை. இரண்டு இலத்திரன்களை இழந்த அயனாக இருக்கிறது. கரைசலின் நீலம் அந்த அயனுக்கு உரியது. இரும்பு அணு ஒன்று தன்னிடமுள்ள இரண்டு இலத்திரன்களைச் செம்பு அயனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் அயனாகிக் கரைசலுக்குள் போகிறது. இலத்திரன்களைப் பெற்ற செம்பு அயன் உலோகமாகி ஆணியில் படிகிறது. இரும்பு ஒட்சியேற்றப்படுகிறது, செம்பு அயன் தாழ்த்தப்படுகிறது. சல்பேற்று அயன் இதில் எதுவும் செய்வதில்லை. முன்பும் கரைசலில் இருந்தது, பின்பும் அப்படியே இருக்கிறது. “இரும்பு சல்பேற்றைப் பிடுங்கிக்கொண்டது” என்று பிள்ளைகள் எழுதுவதுண்டு, அது பிழை.

எந்த உலோகம் எதை இடம்பெயர்க்கும் என்பதை உயிர்ப்புத் தொடர் சொல்கிறது. பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், செம்பு, இரசம், வெள்ளி, பொன் என்று அது மேலிருந்து கீழே போகும். மேலே உள்ள உலோகம், கீழே உள்ளதை அதன் உப்புக் கரைசலிலிருந்து இடம்பெயர்க்கும். தலைகீழாக நடக்காது. முதல் மூன்றையும் இந்தப் பரிசோதனைக்கு எடுக்கக் கூடாது. அவை உப்புக் கரைசலைக் கண்டதும் முதலில் நீருடன்தான் தாக்கமுறும், பொற்றாசியமும் சோடியமும் தீப்பற்றவும் கூடும்.

இந்த இடத்தில் வகுப்பறைகளில் வழக்கமாக வரும் ஓர் உவமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். “பலசாலி வந்து பலவீனனை வீட்டைவிட்டுத் துரத்துகிறான்” என்று இடப்பெயர்ச்சியை விளக்குவார்கள். இடப்பெயர்வு என்ற சொல்லை வீட்டிலே கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் இந்த உவமை போகும் திசையை யோசிக்க வேண்டும். அதைவிட, இரசாயனமாகவும் அது சரியில்லை. செம்பு எங்கும் துரத்தப்படுவதில்லை. இழந்த இலத்திரன்களைத் திரும்பப் பெற்று உலோகமாகிறது, கரைந்துபோவது இரும்புதான். உயிர்ப்புக் கூடிய உலோகம் என்றால் இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் என்று பொருள். கொடுப்பவர், வாங்குபவர் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குச் சமன்பாடும் விளங்கும், உயர்தரத்தில் மின்னிரசாயனம் படிக்கும்போது பழையதை மறக்க வேண்டியும் வராது.

கரைசலும் உலோகங்களும்

ஐந்து கிராம் செப்பு சல்பேற்றுப் பளிங்கை நீரில் கரைத்து 200 மில்லிலீற்றர் ஆக்கினால், லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள கரைசல் கிடைக்கும். எட்டுக் குழுக்களுக்குத் தலா 25 மில்லிலீற்றர். ஒவ்வொரு குழுவும் ஐந்து சோதனைக் குழாய்களில் ஐந்து மில்லிலீற்றர் வீதம் ஊற்றலாம். விவசாயப் பொருட்கள் விற்கும் கடையில் மயில்துத்தமாகக் கிடைப்பதும் இதே சேர்வைதான். அதில் கலப்பு இருக்கலாம் என்றாலும் இந்தப் பரிசோதனைக்குப் போதுமானது.

நீரைப் பற்றிக் கொஞ்சம் கவனம் தேவை. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணக்கல்லூடாக வருவது. அதில் செப்பு சல்பேற்றைக் கரைத்தால் தெளிந்த நீலம் கிடைக்காமல் வெளிர்நீலக் கலங்கல் வரலாம். நீரிலுள்ள இருகாபனேற்று, செம்பைக் காபனேற்றாக வீழ்படியச் செய்வதுதான் காரணம். சுத்தமாகச் சேர்த்த மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ பாவிக்கலாம். வாகன உதிரிப்பாகக் கடைகளில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீரும் பொருந்தும். ஆனால் அதே தட்டில் பற்றரி அமிலமும் இருக்கும். போத்தலைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆணி சாதாரணக் கம்பி ஆணியாக இருக்க வேண்டும். கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணிக்கு நாகப் பூச்சு உண்டு. அதைப் போட்டால் நீங்கள் பார்ப்பது நாகத்தின் தாக்கத்தை. கறைபடியாத உருக்கில் செய்த பொருட்கள் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். எதை எடுத்தாலும் அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, எண்ணெயும் துருவும் போகச் செய்தபின் போடுங்கள். “பரிசோதனை சரிவரவில்லை” என்று சொல்லப்படும் இடங்களில் பாதிக் குறை தேய்க்காமல் விட்டதில் இருக்கும்.

செம்புக்கு மின்கம்பியின் உள்ளிழை போதும். நாகத் துண்டு இல்லாவிட்டால், பழைய சாதாரண உலர்மின்கலத்தின் வெளிக்கூடு நாகத்தால் ஆனது. அதை ஆசிரியர்தான் கையுறையுடன் பிரித்து, உள்ளே உள்ள கரிய பசையைக் கழுவி எடுக்க வேண்டும். அல்கலைன் என்று எழுதிய மின்கலத்தையும், கைத்தொலைபேசி மின்கலத்தையும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. முதலாவதில் தோலை அரிக்கும் காரம் உள்ளது, இரண்டாவது தீப்பற்றும்.

உலோகம் தேடுவது பற்றி நம் மண்ணில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. “செம்பு கொண்டு வா, பித்தளை கொண்டு வா” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பீரங்கி எறிகணையைச் சுற்றியிருக்கும் வளையம் செம்பு. துப்பாக்கி ரவையின் கோது பித்தளை. பழைய இரும்பு வாங்குபவர்களுக்கு இவற்றின் விலை தெரியும். காணிகளில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்காக வேலை செய்தும் வடக்கில் வெடிபொருள் அகற்றும் பணி தொடர்கிறது. வெடிக்காமல் கிடக்கும் பொருளைத் தட்டி உலோகம் எடுக்க முயன்று கையையும் உயிரையும் இழந்தவர்களை நாம் அறிவோம். பரிசோதனைக்கான உலோகம் முழுவதையும் ஆசிரியர் கடையில் வாங்குவதே சரி. மண்ணுக்குள் சந்தேகத்துக்கிடமான எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க வேண்டும் என்பதையும் அதே பாடத்தில் சொல்லிவிடலாம்.

கண்ணுக்குத் தெரிவது

முதல் குழாயில் ஆணி. அரை நிமிடத்துக்குள் நீரில் மூழ்கிய பகுதியில் செங்கபில நிறம் ஏறும். ஆனால் கரைசலின் நீலம் அவ்வளவு விரைவில் மாறாது. ஓர் ஆணியின் மேற்பரப்புச் சிறியது. பாடவேளை முடியும்போதும் குழாய் நீலமாகவே இருக்கும். பிள்ளையோ “நீலம் மங்கி இளம்பச்சை ஆனது” என்று கொப்பியில் எழுதியிருப்பாள், ஏனென்றால் அப்படி எழுதினால்தான் புள்ளி. இந்தப் பொய்யை வகுப்பறையில் பழக்கக் கூடாது. ஆணியோடு குழாயை அடுத்த நாள்வரை வைக்கலாம், அல்லது ஆணிக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நார்ச் சுருளை இடலாம். சவர்க்காரம் கலக்காத சுருளாக இருக்க வேண்டும். மேற்பரப்பு பல மடங்கு கூடுவதால் சில நிமிடங்களிலேயே நீலம் வெளுக்கும். தாக்க வீதம் பற்றிய பாடத்துக்கும் இதுவே செய்முறை. இளம்பச்சை நிறம் இந்தச் செறிவில் மிக மங்கலாகவே தெரியும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். திறந்து வைத்த கரைசல் மறுநாள் மஞ்சள் கபிலமாக மாறியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இரும்பு அயன் காற்றிலுள்ள ஒட்சிசனால் மேலும் ஒட்சியேற்றப்பட்டிருக்கிறது.

இரண்டாவது குழாயில் நாகம். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் குழம்புவார்கள். செம்பு சிவப்பாக வர வேண்டும், ஆனால் நாகத்தின் மேல் கறுப்பாகப் பஞ்சுபோல் ஏதோ படிகிறது. அதுவும் செம்புதான். மிக நுண்ணிய துணிக்கைகளாக விரைந்து படியும்போது ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்குவதால் கறுப்பாகத் தெரிகிறது. நேரம் போகப் போகக் கபிலமாகும். கரைசல் கடைசியில் நிறமற்றதாகிவிடும், ஏனெனில் நாக அயனுக்கு நிறமில்லை.

மூன்றாவதில் மகனீசிய நாடா. இது வேகமாகத் தாக்கமுறும், குழாய் சூடாகும், கூடவே குமிழிகள் வரும். “இடப்பெயர்ச்சியில் வாயு வராதே, சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பிள்ளையைப் பாராட்ட வேண்டும். செப்பு சல்பேற்றுக் கரைசல் சற்று அமிலத் தன்மையுடையது. மகனீசியம் செம்பு அயனோடு மட்டுமன்றி ஐதரசன் அயனோடும் தாக்கமுற்று ஐதரசன் வாயுவை வெளிவிடுகிறது. பாடநூலின் சமன்பாடு நடப்பவற்றில் முக்கியமான ஒன்றைச் சொல்கிறது, எல்லாவற்றையும் சொல்லவில்லை.

நான்காவது குழாயில் செம்பு. எதுவும் நடக்காது. ஐந்தாவதில் உலோகமே போடுவதில்லை. ஒப்பிடுவதற்கான கரைசல் அது. இந்த இரண்டையும் நேரவிரயம் என்று விட்டுவிடுவோர் உண்டு. அவை இல்லாவிட்டால் மற்ற மூன்றிலும் நிறம் மாறியதற்கு உலோகம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நாக சல்பேற்று இருந்தால் அதற்குள் ஒரு செம்புக் கம்பியையும் போட்டு, தாக்கம் ஒரு திசையில் மட்டுமே நடக்கும் என்பதைக் காட்டிவிடலாம்.

அலுமினியம் ஒரு வேடிக்கை காட்டும். தொடரில் நாகத்துக்கு மேலே இருக்கும் அது, செப்பு சல்பேற்றுக்குள் ஒன்றுமே நடவாததுபோலக் கிடக்கும். அதன் மேற்பரப்பை மூடியிருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படைதான் தடை. தேய்த்தாலும் உடனே திரும்ப உருவாகிவிடும். இப்போது அதே குழாய்க்குள் ஒரு சிட்டிகை கறியுப்பை இடுங்கள். குளோரைட்டு அயன்கள் அந்தப் படையைக் குலைக்க, சற்று நேரத்தில் உணவு சுற்றும் அலுமினியத் தாள் ஓட்டை ஓட்டையாகி, செங்கபிலச் செம்பு உதிரத் தொடங்கும். சூடும் வாயுவும் வரும் என்பதால் தாளில் ஒரு சிறு துண்டு போதும், குழாயின் வாயை எவர் பக்கமும் திருப்பக் கூடாது.

வெள்ளி நைத்திரேற்று இருந்தால் கண்கொள்ளாக் காட்சி ஒன்று உண்டு. விலை கூடியது என்பதால் குழாயில் ஊற்ற வேண்டாம். கண்ணாடி வழுக்கியில் இரண்டு துளி விட்டு, அதற்குள் மெல்லிய செம்புக் கம்பித் துண்டொன்றை வைத்து, நுணுக்குக்காட்டியிலோ கைவில்லையிலோ பார்த்தால், கம்பியிலிருந்து வெள்ளி ஊசிகள் பன்னத் தாவர இலைபோலக் கிளைவிட்டு வளர்வது தெரியும். காய்ச்சி வடித்த நீரில் கரைக்காவிட்டால் நீரிலுள்ள குளோரைட்டால் பால்போல வெளுத்துவிடும். தோலில் பட்ட இடம் பின்னர் கறுக்கும். சில நாட்களுக்குப் போகாது. ஈய நைத்திரேற்றிலும் இப்படி “ஈய மரம்” வளர்க்கலாம் என்று பழைய நூல்களில் இருக்கும். ஈயம் நச்சு, பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். 2.5 கிராம் செப்பு சல்பேற்றை 50 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, ரெஜிபோம் கோப்பையில் ஊற்றி, ஒரு கிராம் நாகத் தூளை இட்டுக் கலக்குங்கள். கணக்கின்படி வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர வேண்டும். கோப்பையும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் சற்றுக் குறைவாக வரும். அந்தக் குறைவுக்கான காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பரீட்சைக்கு ஒரு குறிப்பு. “செம்பு படிந்தது” என்பது அவதானம் இல்லை, அது முடிவு. “ஆணியின் மேற்பரப்பில் செங்கபில நிறப் படிவு தோன்றியது” என்பதே அவதானம். இந்த வேறுபாட்டைக் குழாயைக் கையில் பிடித்த பிள்ளை இலகுவில் பிரித்து எழுதும்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே

தோட்டக்காரருக்கு இந்தத் தாக்கம் வேறு வழியில் பழக்கமானது. 1880களில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சண நோய்க்கு எதிராகப் பாவனைக்கு வந்த போர்டோக் கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. சுண்ணாம்பு குறைந்தால் மிஞ்சும் செம்பு அயன் இலையைக் கருக்கிவிடும். அதைக் கண்டறியத் தேய்த்து மினுக்கிய இரும்புக் கத்தியைக் கலவைக்குள் சற்று நேரம் பிடித்துப் பார்ப்பார்கள். கத்தி சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலவையை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். சீனாவில் சொங் வம்சக் காலத்திலேயே, செம்புச் சுரங்கங்களின் நீல நீருக்குள் இரும்பை ஊறப்போட்டு நாணயத்துக்கான செம்பை எடுத்திருக்கிறார்கள்.

ஆணியில் இலத்திரன் நேரடியாகக் கைமாறுகிறது. அதைக் கம்பி வழியாகச் சுற்றிப்போகச் செய்தால் மின்கலம். ஆங்கிலேய இரசாயனவியலாளர் டானியல் 1836இல் செய்தது அதைத்தான். நாக சல்பேற்றுக்குள் நாகம், செப்பு சல்பேற்றுக்குள் செம்பு, இரண்டுக்கும் நடுவே நீர் கசியும் சுடுமண் பாத்திரம். ஏறத்தாழ 1.1 வோல்ற்று கிடைக்கும். மூன்றைத் தொடராக இணைத்தால் சிறிய சிவப்பு எல்ஈடி ஒன்று எரியும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு, மெருகிடாத சின்ன மண்சட்டியிலும் மின்சாரம் இருந்தது என்பதை யாரும் அப்போது காட்டவில்லை.

மிச்சத்தை எங்கே ஊற்றுவது?

செப்பு சல்பேற்று விழுங்கினால் நச்சு, கண்ணில் பட்டால் தீங்கு. கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் கைகழுவ வேண்டும். மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் மிகக் குறைந்த அளவே போதும், கொன்றுவிடும். சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. ஆகவே கழிவை எல்லாக் குழுக்களிடமிருந்தும் ஒரு பிளாஸ்ரிக் வாளியில் சேருங்கள். வெள்ளி நைத்திரேற்றுத் துளிகளை மட்டும் இதில் கலக்காமல் தனிப் போத்தலில் விடுங்கள்.

வாளிக்குள் இரும்பு நார்ச் சுருளையும் பழைய ஆணிகளையும் போட்டு, இரண்டு மூன்று நாள் மூடாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் நீலம் போய்விடும். செம்பு அடியில் சேறாகத் தங்கும். தேய்த்த புது ஆணி ஒன்றை ஐந்து நிமிடம் உள்ளே பிடித்துப் பாருங்கள். அது சிவந்தால் இன்னும் இரும்பு வேண்டும். சிவக்காவிட்டால் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் விட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை நிறைய நீருடன் கலந்து கிணற்றுக்கும் குளத்துக்கும் தூரமான இடத்தில் ஊற்றலாம். அடியில் உள்ள சேற்றைத் துணியில் வடித்து, காயவைத்து, பெயரெழுதிய போத்தலில் போட்டு அலுமாரியில் வையுங்கள்.